கைக்குட்டை கொன்றதா, கோள் கொன்றதா?

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் ஒரே பாடத்தை ஒப்புவிப்பர்: ஒத்தெல்லோ மூர் இனத்தவன், மூர் குருதியில் பொறாமை கொதிக்கும், ஆகவே மனைவியைக் கொன்றான். இக்கூற்றை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

அவன் நம்மவன் என்று கட்சி கட்ட நாம் வரவில்லை. வடமேற்கு ஆப்பிரிக்க மக்களைச் சுட்டிய ‘மூர்’ என்னும் சொல், ஐரோப்பியர் நாவில் முஸ்லிம்களுக்கும் பெயராயிற்று. இலங்கைச் சோனகர்க்கும் போர்த்துக்கீசர் அப்பெயரையே சூட்டினர். ஆனால், நாடகத்தின் ஒத்தெல்லோ ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். துருக்கியரை எதிர்க்க வெனிஸ் அரசு அனுப்பிய தளபதி. நாம் கேட்பது இனப்பற்றன்று, நீதி.

1604ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்ட இந்நாடகத்தை, 1693இல் தாமஸ் ரைமர் என்னும் திறனாய்வாளர் எள்ளி நகையாடினார். கறுப்பர் எக்காளம் ஊதுபவராக உயரலாம். தளபதியாவது எங்ஙனம் என்பது அவர் வாதம். கவிஞர் கோல்ரிட்ஜோ, வெனிஸ் நங்கை ஒரு கறுப்பரைக் காதலித்தாள் என்று எண்ணவே மனம் ஒப்பவில்லை என்றார். இயாகோ பேசுவதும் இதைத்தானே! நாடகத்தின் வஞ்சகனும் நாடகத்தின் நடுவரும் ஒரே குரலில் பேசினால், அத்தீர்ப்பை நாம் ஏற்பது எப்படி?

நாடகத்தையே சாட்சிக்கு அழைப்போம். துணைத்தளபதிப் பதவி தனக்குக் கிட்டாமல் காசியோவுக்குப் போன வெஞ்சினத்தில், இயாகோ நள்ளிரவில் டெஸ்டிமோனாவின் தந்தையை எழுப்பி நிறவெறியைக் கிளறினான். மகளைச் சூனியத்தால் மயக்கினான் என்று தந்தை வழக்குத் தொடுத்தார். அவளையே அழைத்துக் கேளுங்கள் என்றான் ஒத்தெல்லோ. அவள் வந்தாள், விரும்பி மணந்ததாகச் சொன்னாள், வழக்கு வீழ்ந்தது. சாட்சியைக் கேட்டதால் அவன் பிழைத்தான்.

சைப்ரஸில் நடந்ததென்ன? இயாகோ முதலில் குற்றம் சாட்டவில்லை. தயங்கினான், பாதி சொல்லி நிறுத்தினான், சொல்ல மனமில்லாதவன் போல நடித்தான். தந்தையை ஏமாற்றியவள் அல்லவா அவள் என்றான். தன் நாட்டையும் நிறத்தையும் சேர்ந்த மணமகன்களை ஒதுக்கியது இயல்புக்கு மாறானதன்றோ என்றும் குத்தினான். அச்சொல்லை உதறித் தள்ள வேண்டிய ஒத்தெல்லோ, தான் கறுப்பன் என்பதால்தான் அவள் மனம் மாறியதோ என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அக்கணமே அவன் வீழ்ந்தான். மனைவியைப் பற்றிய பொய்யை முழுதும் நம்புமுன், தன்னைப் பற்றிய பொய்யை நம்பிவிட்டான். கைக்குட்டை அதன் பின்னரே தரையில் விழுகிறது.

இதனால் அவன் குற்றமற்றவன் என்போமா? இல்லை. தன்னைக் காத்த நீதியை அவன் தன் மனைவிக்கு மறுத்தான். எமிலியா அவள் தூய்மைக்குச் சான்று பகர்ந்தாள்; அவன் பொருட்படுத்தவில்லை. காசியோவை அழைத்துக் கேளுங்கள் என்று டெஸ்டிமோனா மன்றாடினாள், அவன் செவிசாய்க்கவில்லை. முன்முடிவு அவனை வலுவிழக்கச் செய்தது, சூழ்ச்சி வழிகாட்டியது, கை மட்டும் அவனுடையது. அக்கைக்கு அவனே பொறுப்பாளி.

தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் 49ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும் பணிக்கிறது. கற்புடைய பெண்மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொணராதவனுக்கு எண்பது கசையடி என்கிறது 24ஆம் அத்தியாயம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர் அவதூறு பரப்பியபோது, ஏறத்தாழ ஒரு திங்கள் மதீனா கலங்கிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சினந்து தண்டிக்கவில்லை, பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களையும் விசாரித்தார்கள், பொறுத்தார்கள். இறைவசனம் இறங்கி அன்னையின் தூய்மையை நிலைநாட்டியது. ஒத்தெல்லோவுக்கு ஓர் இரவு பொறுக்கும் பொறுமையும் இல்லை.

மூர் குருதியைப் பழிப்போரே, இயாகோவின் குருதி எது? அவன் வெனிஸ் நாட்டான். நாடகம் முழுவதும் ‘நேர்மையாளன்’ என்றே அழைக்கப்படுபவன். கோளுக்கு இனமில்லை. கைபேசியில் வந்த ஒரு வரியை ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பும் நம் வீட்டுக் கூடத்திலும் இயாகோவுக்கு ஓர் ஆசனம் இட்டு வைத்திருக்கிறோம். முதலில் அதனை எடுத்துவிடுவோமாக.