பசிக்கு மார்க் போடும் கேள்வித்தாள்!

“எந்நேரமும் சாப்பாட்டு நினைவாகவே இருக்கிறாயா?”

களை பறித்துவிட்டு, மத்தியானக் கஞ்சியும் இல்லாமல் வீடு திரும்பும் பெண்ணிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வாள்? “ஆமாம், எப்போதும்” என்பாள். உடனே 3 மார்க்! உடம்பை மெலிய வைக்கவே பட்டினி கிடக்கும் மனநோயின் அறிகுறியாம் அது.

நாம் கட்டிய கதையல்ல இது. கனடாவின் டொரண்டோ நகரில் டேவிட் கார்னர், பால் கார்ஃபிங்கல் என்ற இரு நிபுணர்கள் 1979-ல் 40 கேள்விகளோடு ஒரு தாள் தயாரித்தார்கள். 1982-ல் அதை 26 கேள்விகளாகச் சுருக்கினார்கள். 20 மார்க் எட்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அந்நாட்டு நோயாளிப் பெண்களையும் பல்கலைக்கழக மாணவிகளையும் வைத்துச் சரிபார்த்த தாள். அங்கே அது பயன்பட்டது, நாம் மறுக்கவில்லை. உயிரைக் குடிக்கும் நோயை முன்கூட்டிக் கண்டறிவது நல்ல காரியமே. ஆனால் அதே தாள் கடல் தாண்டிப் போயிற்று. போன இடத்தில் யார் சரிபார்த்தார்கள்?

வட இந்திய நகரம் ஒன்றில் பள்ளி மாணவிகளிடம் கொடுத்தார்கள். ஆராய்ந்தவர்கள் 1989-ல் வெளியிட்ட முடிவு என்ன? பல கேள்விகளை மாணவிகள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமிக்கு இருந்த விரதமும் நோய்க் கணக்கில் ஏறியிருந்தது!

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. ஏழைக் கறுப்பின இளைஞர் பலர் இத்தகைய தாள்களில் மார்க்கை அள்ளினார்கள். நல்லவேளை, சில ஆராய்ச்சியாளர்கள் அதோடு நிற்காமல் அவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வு உண்மையைச் சொன்னது: மெலியும் ஆசையல்ல, வீட்டில் சோறில்லாமையே அவர்களுடைய சாப்பாட்டு நினைவுக்குக் காரணம். நிறவெறி ஆட்சி 1994-ல் ஒழிந்தது, பசி ஒழியவில்லை. அந்தப் பசிக்குத்தான் நோய் என்று பெயர் சூட்டப் பார்த்தது தாள்.

விவசாயத் தோழர்களுக்கு இது புரியாத விஷயமா? கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க ஒரு மரக்கால் வைத்திருந்த மிராசுதார்களை நம் பாட்டன்மார் பார்த்தவர்கள். மரக்காலை முதலில் அளந்து காட்டு என்றுதானே சண்டை போட்டார்கள்!

“இதெல்லாம் பணக்காரப் பெண்களின் நோய், நமக்கென்ன?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். தவறு. ஃபிஜித் தீவில் நட்ரோகா வட்டாரத்துக்கு 1995-ல் டெலிவிஷன் வந்தது. பள்ளி மாணவிகளில் 20 மார்க்கைத் தாண்டியவர்கள் அப்போது 100-க்கு 12.7, 1998-ல் 29.2. அங்கே தாளோடு விடவில்லை, பேசியும் கேட்டார்கள். திரையில் வரும் பெண்களைப் போல் ஆக வேண்டும் என்று அந்த மாணவிகளே சொன்னார்கள். இந்த ஏக்கம்தான் முதலாளிகளுக்குச் சந்தை! அமெரிக்காவில் எடைக்குறைப்பு வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி 2019-ல் 8 வயதுக் குழந்தைக்கும் கைபேசியில் ‘திட்டம்’ விற்றது. பெற்றோரைக் கேளாமல் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியதாக வந்த வழக்கில், 2022-ல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

ஆகவே தாளைக் கிழித்தெறி என்று நாம் சொல்லவில்லை. தமிழில் கொண்டுவருகிறவர்கள் காலேஜ் மாணவிகளோடு நின்றுவிடக் கூடாது. மில் விடுதிப் பெண்களிடமும், கூலி வீட்டுப் பிள்ளைகளிடமும் சோதித்துப் பார்க்கட்டும். 20 மார்க் வாங்கியவரை நேரில் உட்காரவைத்துப் பேசட்டும். 26 கேள்விக்கும் முன்னால், அதில் இல்லாத ஒன்றைக் கேட்கட்டும்: நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் உலை வைத்தார்களா?