இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் உண்மை

சில மாதங்களுக்கு முன் ஆண்டுக் கணக்கைப் பார்வையிடும் பொருட்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். செலவுப் பட்டியலில் ‘வண்டி பழுது பார்த்தல், ரூ. 1,84,000’ என்றொரு இனம் கண்ணிற்பட்டது. அத்தொகை சங்கத்தின் பொது நிதியிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தது. இன்ஷூரன்ஸ் உள்ள வண்டிக்குச் சங்கம் ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று செயலாளரைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து என்முன் வைத்தார்.

கோப்பு கூறிய வரலாறு இதுதான். ஜவுளிக் கட்டுகளை நகரத்து விற்பனை நிலையத்திற்குக் கொண்டு செல்லச் சங்கம் ஒரு சிறிய சரக்கு மோட்டார் வண்டியை வாங்கிற்று. ஒரே நடையில் அதிகக் கட்டுகள் ஏற்றலாம் என்றெண்ணி, உள்ளூர்ப் பட்டறையில் பின்பெட்டியின் பக்கங்களை உயர்த்தினார்கள். பாரம் தாங்க வில்பட்டைகளையும் கூட்டினார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெறவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதவில்லை. மூன்றாம் ஆண்டில் வண்டி ஒரு சுவரில் உரசிச் சேதமுற்றது. அதற்குக் கம்பெனியிடம் ஈடு பெற்றார்கள். மறு ஆண்டு வேறொரு கம்பெனிக்கு மாறியபோது, ‘முன்பு ஈடு எதுவும் கோரியதில்லை’ என்று ஏஜெண்டு எழுதினார், தலைவர் கையெழுத்திட்டார். இதனால் வண்டிச் சேதத்திற்கான பிரீமியம் ரூ. 9,000-இல் நூற்றுக்கு 35 வீதம், ரூ. 3,150 மிச்சமாயிற்று.

அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பார்வையிட வந்த சர்வேயர் உயர்த்திய பெட்டியைப் படம் எடுத்தார். பழைய கம்பெனியிடம் விசாரித்ததில் முந்தைய ஈடும் வெளிப்பட்டது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தங்கள் கையெழுத்திட்ட பொய்யே முன்னிற்கும்போது வழக்காட நிர்வாகக் குழுவிற்கு மனம் வரவில்லை. தீபாவளிக்கு நெசவாளர்க்குக் கொடுக்கவிருந்த போனஸ் பட்டறைக்குப் போயிற்று. மூவாயிரத்தை மிச்சப்படுத்தியவர்கள் சிலர். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்தை இழந்தவர்களோ தறியில் அமர்ந்திருந்த அங்கத்தினர் அனைவரும்.

இச்செய்தியை எவரையும் இழித்துரைக்கும் எண்ணத்துடன் எழுதவில்லை. அந்தத் தலைவர் நாணயமானவர். நூல் கணக்கில் ஒரு கழி குறைந்தாலும் உறங்காதவர். அத்தகையவரே இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தைப் படியாமல் கையெழுத்திட்டார் எனில், அவ்விண்ணப்பத்தை நாம் வெறும் சடங்காகக் கருதுகிறோம் என்பதே பொருள். இக்கருத்து மாற வேண்டும்.

இன்ஷூரன்ஸ் என்பது யாது? பலர் சிறு தொகை சேர்த்து வைத்து, இடருற்ற ஒருவருக்கு அதிலிருந்து கொடுப்பது. நம் கூட்டுறவின் அடிப்படையும் அதுவேயன்றோ! வேறிடத்துக் கடனை மறைத்துச் சங்கத்தில் கடன் மனு கொடுப்பவரை நாம் எவ்வாறு கருதுகிறோம்? அவர் ஏமாற்றுவது செயலாளரை அன்று, சக அங்கத்தினரை. வண்டியின் வரலாற்றை மறைப்பவரும் அதே வகையில், ஒழுங்காகப் பணம் கட்டும் பிற வண்டிக்காரர்மீது தம் பாரத்தை ஏற்றுகிறார்.

இது புதிய நெறியும் அன்று. 1766-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு பிரபு ஒரு வழக்கில் இதை விளக்கினார். சுமத்ராவிலிருந்த ஒரு கோட்டையைப் பற்றிய இன்ஷூரன்ஸ் வழக்கு அது. இடரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இன்ஷூர் செய்பவருக்கே தெரியும். கம்பெனி அவர் சொல்லை நம்பியே விலை கூறுகிறது. ஆகவே மறைத்தல் ஆகாது என்றார். இக்கடமை இருதரப்பிற்கும் உரியது என்றும் அவரே கூறினார். அவ்வழக்கில் வென்றவர் இன்ஷூர் செய்தவரே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நேர்மை கம்பெனிக்கு மட்டும் பயன்படும் ஆயுதம் அன்று. நமக்கும் அது கேடயம்.

இனி, எவற்றைச் சொல்ல வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, முன்பு பெற்ற ஈடு. ஈடு கோராத ஆண்டுகளுக்காக ‘நோ கிளைம் போனஸ்’ என்னும் சலுகை உண்டு. அது 20, 25, 35, 45, 50 வீதம் எனப் படிப்படியாக உயரும். ஈடு பெற்றால் சலுகை அறுபடும். பொய் சொல்லிச் சலுகை பெற்றால், வண்டிச் சேதத்திற்குரிய உரிமை முழுவதையும் இழக்க நேரிடும் என்ற நிபந்தனையின் கீழேயே நாம் கையெழுத்திடுகிறோம். இச்சலுகை வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய வண்டியை வாங்குபவர் விற்றவரின் சலுகையைத் தமதாகக் காட்டலாகாது.

இரண்டாவது, வண்டியில் செய்த மாற்றம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. சட்டம் அனுமதிக்கும் எரிவாயுக் கருவி போன்றவற்றைப் பொருத்தினால், அதனைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்கும் தெரிவித்துச் சிறிது அதிகப் பிரீமியம் கட்டினால் போதும். பெட்டியை உயர்த்துவது போன்ற மாற்றங்களை அனுமதியின்றிச் செய்யவே கூடாது. உயரமும் பாரமும் கூடிய வண்டி வளைவில் எளிதிற் கவிழும். இது காகிதத்தைப் பற்றிய விஷயம் மட்டும் அன்று, ஓட்டுநரின் உயிரைப் பற்றியது.

மூன்றாவது, வண்டியின் உபயோகம். உழவுக்கென இன்ஷூர் செய்த டிராக்டரில் வாடகைக்குச் செங்கல் ஏற்றுவதும், சொந்த உபயோகத்துக் காரை வாடகைக்கு விடுவதும் நம் ஊர்களில் சாதாரணம். இன்னொன்றும் உண்டு. சரக்கு வண்டியில் திருமணத்திற்கு ஆட்களை ஏற்றுகிறோம். அத்தகையோருக்குக் கம்பெனி பொறுப்பன்று என உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் உடன் செல்லலாம். உறவினர் கூட்டம் செல்லலாகாது.

நான்காவது, ஓட்டுபவரின் வரலாறு. பல விண்ணப்பங்களில், ஓட்டுநர் முன்பு விபத்துக்குக் காரணமாயிருந்தாரா, தண்டனை பெற்றாரா, பார்வைக் குறை உண்டா என்ற கேள்விகள் உள்ளன. அவற்றை வெறுமையாக விடாமல் உள்ளபடி எழுதுக. உரிமத்தைப் பற்றி வீண் அச்சமும் வேண்டா. மொத்த எடை 7,500 கிலோவிற்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்துடனேயே ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் கூறிவிட்டது. இதனை அறியாது ஓட்டியவரின் பெயரை மாற்றிச் சொல்பவர், இல்லாத குற்றத்தை மறைக்கப்போய் உண்மையான குற்றத்தைச் செய்கிறார்.

“எல்லாவற்றையும் சொன்னாலும் கம்பெனிகள் ஏதேனும் காரணம் காட்டிப் பணம் மறுக்கத்தானே செய்கின்றன?” என்று சில அங்கத்தினர் கேட்கின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அற்பக் குறைக்காக முழுத் தொகையையும் மறுப்பது முறையன்று. சொந்த உபயோகத்து வண்டியை வாடகைக்கு விட்ட ஒரு வழக்கிற்கூட, கோரிக்கையை அடியோடு நிராகரிக்கலாகாது என 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தனிமனிதர் தம் பாலிசி குறித்து, மறுப்பு வந்த ஓராண்டிற்குள் கட்டணமின்றி இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். ஆனால் அங்கே துணிந்து நிற்க வேண்டுமாயின் நம் கை சுத்தமாயிருக்க வேண்டும். கம்பெனி காரணம் தேடுகிறது என்பது உண்மையானால், அக்காரணத்தை நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது என்ன அறிவுடைமை?

ஏஜெண்டின்மீது பழி போடுவதும் பயன் தராது. விரைவில் வேலையை முடிக்கவும் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டவும் அவர் விரும்பலாம். பேனா அவருடையதாயினும் கையெழுத்து நம்முடையது. விண்ணப்பத்தை நிரப்பிய பின்னர், தெரிந்த ஒருவரைக் கொண்டு அதனைத் தமிழில் சொல்லச் செய்து கேட்டே கையெழுத்திடுக. அதன் பிரதி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்க.

மறைத்தல் பிறரையும் பாதிக்கும் என்பதை இறுதியாகக் கூற விரும்புகிறேன். நம் வண்டி வழிப்போக்கர் ஒருவரை மோதிவிட்டால், அவர் குடும்பத்திற்குக் கிடைக்கும் ஆறுதல் நம் பாலிசிதான். முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என வாதிக்கக் கம்பெனிக்குச் சட்டம் இடமளிக்கிறது. நிபந்தனை மீறப்பட்ட வழக்குகள் பலவற்றில் கம்பெனி முதலிற் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு நீதிமன்றங்கள் ஆணையிடுகின்றன. சங்கத்தின் வண்டியாயின், அவ்வசூல் அங்கத்தினரின் பங்குத் தொகையைத் தொடும். தனியாரின் வண்டியாயின், வீட்டையும் நிலத்தையும் தொடும்.

முன்பே தவறாக எழுதியவர்கள் மனம் தளர வேண்டா. விபத்து நேருமுன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, உண்மை விவரத்தைக் கொடுத்து, வேண்டிய பிரீமிய வித்தியாசத்தைச் செலுத்தி, பாலிசியில் திருத்தக் குறிப்புப் பெறலாம். அனுமதியற்ற மாற்றத்தைப் பட்டறையிலேயே நீக்கிவிடலாம். நான் கோப்பைப் பார்த்த சங்கத்தில் பெட்டியின் பக்கங்கள் இப்போது பழைய உயரத்திலேயே உள்ளன; நகரத்திற்கு வாரம் ஒரு நடை கூடுதலாகப் போகிறது. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பாலிசியையும் பதிவுச் சான்றையும் மேசைமீது வைத்து, முற்றத்தில் நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். மூன்றும் ஒன்றாயிருந்தால் தீர்மானப் புத்தகத்தில் அதனைக் குறித்து வையுங்கள். இல்லையெனில், கடிதத்தை அன்றைய தினமே எழுதிவிடுங்கள்.