நிறம் நம் விருப்பம், முகவரியே அடையாளம்

இணைய வங்கிப் பக்கத்தின் நிறத்தையும் எழுத்தளவையும் தீர்மானிக்க வேண்டியவர் யார்? வங்கியே என்பது நெடுநாளைய வழக்கம். அவ்வுரிமையில் ஒரு பகுதி வாடிக்கையாளரையும் சேர வேண்டும் என்பது நமது கருத்து.

கணக்கிருப்பு, பரிவர்த்தனை விவரம் ஆகியவை பக்கத்தின் உள்ளடக்கம். அவை எந்த நிறத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் தோன்ற வேண்டும் என்று உலாவிக்குச் சொல்வது 'ஸ்டைல்ஷீட்' எனும் பாணித்தாள். 1994இல் முன்மொழியப்பட்டு, 1996 டிசம்பரில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாக வெளிவந்த இம்முறை, பக்கத்தை உருவாக்குபவரின் விருப்பத்தோடு படிப்பவரின் விருப்பத்துக்கும் தொடக்கத்திலேயே இடமளித்தது. நாம் கேட்பது புதிய சலுகையன்று.

இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. பின்னணி நிறம், எழுத்து நிறம், எச்சரிக்கை நிறம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, அவற்றின் மதிப்புகளை ஒரே பாணித்தாளில் தொகுத்து வைத்தால் போதும். வெளிர், இருள், மிகுவேறுபாடு என ஒவ்வொரு 'தீமும்' அம்மதிப்புகளை மட்டுமே மாற்றும்; எல்லாப் பக்கங்களும் ஒருசேர மாறும். நிறங்களைப் பக்கந்தோறும் சிதறவிட்டால், முகப்பு இருளாகவும் பணம் அனுப்பும் படிவம் வெண்மையாகவும் நின்றுவிடும்.

சில வரம்புகள் எந்தத் தீமிலும் மீறப்படலாகாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது, சாதாரண அளவு எழுத்துக்கு அச்சங்கம் வகுத்த அணுகல் நெறி. பற்றுக்குச் சிவப்பு, வரவுக்குப் பச்சை என்று நிறத்தை மட்டுமே நம்புவதும் தகாது; நிறக்குருடு உடையோருக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றக்கூடும். 'பற்று', 'வரவு' என்ற சொற்களும் உடன் இருத்தல் வேண்டும்.

தோற்றம் ஆளுக்கு ஆள் மாறினால் போலித் தளத்தை எவ்வாறு அறிவது என்று சிலர் ஐயுறலாம். தோற்றம் என்றுமே சான்றாக இருந்ததில்லை. பாணித்தாள் நம் ஒவ்வொருவரின் உலாவிக்கும் வந்துசேர்வது. அதனையும் இலச்சினையையும் நகலெடுப்பது மோசடியாளருக்கு எளிது. நகலெடுக்க இயலாதது முகவரியே. அதனாற்றான் இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் '.பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. அம்முகவரிகளைப் பதிவு செய்யும் பொறுப்பு, ரிசர்வ் வங்கி 1996இல் ஐதராபாத்தில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளது. கடவுச்சொல்லை இடுமுன் தளத்தின் பெயர் அவ்வாறு முடிகிறதா என நோக்குவதே நமக்குக் காப்பு.

ஒன்றை மட்டும் தவிர்ப்போம். நிறம் மாற்றித் தருவதாகக் கூறும் அறிமுகமில்லாத உலாவி நீட்சிகளை நிறுவலாகாது. அவை பக்கத்தில் உள்ளவற்றைப் படிக்கவும் வல்லவை. அத்தகைய குறுக்குவழிகளை வாடிக்கையாளர் நாடாதிருக்க, வங்கிகளே தம் அமைப்புகள் பகுதியில் தக்க தீம்களை வழங்குதல் வேண்டும். கண் மங்கிய முதியவர் பிறர் துணையின்றித் தம் கணக்கிருப்பைத் தாமே படிப்பது அழகு சார்ந்ததன்று. அவருடைய பணத்தின் பாதுகாப்பைச் சார்ந்தது.