நிலம் அறியும் கல்வி

மக்கள் வாழ்வுக்கு நிலைக்களம் நிலமே. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். உணவும் தொழிலும் ஊரமைப்பும் அவ்விரண்டையும் சார்ந்தே அமைதலின், அப்பெயர் மிகவும் பொருத்தமுடையது. அவற்றை ஆராயும் கல்வியே புவியியல்.

தமிழகப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரையில் மாணவர் அனைவரும் இதனைச் சமூக அறிவியலின் ஒரு பகுதியாகக் கற்கின்றனர். மேல்நிலை வகுப்புகளிலோ இது விருப்பப் பாடம், ஏற்பவர் சிலரே. ஆறுகளின் பெயரையும் மலைகளின் உயரத்தையும் நெட்டுருச் செய்வதே புவியியல் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பெயரறிதல் இக்கல்விக்கு வாயில். காரணம் அறிதலே இதன் பயன்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்திற்குப் பெருமழை தருகிறது. தமிழகத்தின் பெரும்பகுதிக்கோ அம்மழை குறைவு. காரணம் என்னை? ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, மேலைச் சரிவிலேயே மழையைப் பொழிந்துவிடுகிறது. மலை கடந்து இறங்குங்கால் வெப்பமுற்று வறண்டுவிடுகிறது. ஆதலின் தமிழகக் கடற்கரை மாவட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளன. சில வாரங்களில் பெய்யும் நீரைப் பல மாதங்களுக்குக் காக்கவே முன்னோர் ஏரிகளை அமைத்தனர். ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரியை அடையக் கால்வாயும் வெட்டினர். காற்று, மலை, ஏரி ஆகியவற்றின் தொடர்பை இவ்வாறு விளக்குவது புவியியலே அன்றோ?

இத்தொடர்பை மறந்ததன் விளைவைச் சென்னை மாநகர் 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கண்டது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மழை பெரிதே, எனினும் துன்பத்திற்கு மழை மட்டுமே காரணம் அன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியும் ஏரிகள் பலவும் அதற்கு முன்பே குடியிருப்புகளாய் மாறியிருந்தன. பள்ளம் நாடிச் செல்வது நீரின் இயல்பு; அவ்வியல்பை மக்கள் மறந்தனர்.

'கைப்பேசி வழிகாட்டும்போது நிலப்படக் கல்வி எதற்கு?' என வினவுவாரும் உளர். கைப்பேசி செல்லும் வழியைக் காட்டும். வாங்கக் கருதும் மனை முன்பு நீர்நிலையாய் இருந்ததா என்று தானே எடுத்துரைக்காது. பழைய நிலப்படத்தையும் சமஉயரக் கோடுகளையும் படிக்கக் கற்றவரே அதனை ஆராய்ந்து அறிவர்.

பொறியாளராவோர் சாலை அமைப்பர், வணிகராவோர் மனை விற்பர், அனைவரும் வாக்களிப்பர். இவர்தம் முடிவுகளெல்லாம் நிலத்தைத் தாக்குவனவே. ஆதலின் எப்பிரிவில் பயிலும் மேல்நிலை மாணவரும் தம் வட்டாரப் புவியியலைச் சிறிதேனும் கற்றல் வேண்டும். ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, மிகுநீர் எங்குச் செல்கிறது என நடந்து கண்டு படம் வரைதல் அக்கல்விக்கு நல்ல தொடக்கமாகும். அப்படம் வரைந்த மாணவர், பின்னாளில் அக்கால்வாயை அடைக்க உடன்படார்.