நன்றியும் முறையீடும்

உதவி பெற்றவன் குறை கூறலாகாது என்றோர் எண்ணம் நம் சங்க அங்கத்தினரிடையே வேரூன்றியிருக்கிறது. கடன் கொடுத்த சங்கத்தைக் கேள்வி கேட்பது உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதாகும் என்றே பலர் கருதுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று என்பது நமது அபிப்பிராயம்.

1999ஆம் ஆண்டுக் கார்கில் போர்முனையிலிருந்து தொலைக்காட்சியில் செய்தி சொன்ன பர்கா தத் அம்மையாரை நம்மில் பலர் அறிவர். அவருடைய தாயார் பிரபா தத்தும் பத்திரிகையாளரே. 1965ஆம் ஆண்டுப் போரின்போது, பெண்ணைப் போர்முனைக்கு அனுப்பப் பத்திரிகை அலுவலகம் மறுக்கவே, விடுப்பு எடுத்துக்கொண்டு தாமே சென்று செய்தி அனுப்பிய துணிவுள்ளவர். 1984-ல் அவர் மூளையில் இரத்தம் கசிந்து காலமானபோது மகள் பள்ளிச் சிறுமி. அதன் பின்னர் தந்தையே துணை.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. மூட்டை முடிச்சுடன் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளரின் நிலையை, டில்லியிலிருந்து கேரளம் வரை சாலை வழியே பயணம் செய்து உலகுக்குக் காட்டினார் மகள். மறு ஆண்டு ஏப்ரலில் அந்நோய் அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. தந்தையை ஏற்றிச் சென்ற வாகனத்தின் பிராணவாயு உருளை வேலை செய்யவில்லை என்றும், பின்னர் தகன மைதானத்திலும் இடத்துக்குத் தவிக்க நேர்ந்தது என்றும் அவரே கூறியுள்ளார்.

அந்தத் துக்கத்தில் அவர் கூறிய மற்றொன்றே நம் கருத்தைக் கவர்ந்தது. மருத்துவமனையில் ஓர் இடமாவது தம் தந்தைக்குக் கிடைத்தது, அதுவும் கிடைக்காமல் மாண்டவர் எத்தனையோ பேர், அவர்களைவிடத் தாம் கொடுத்துவைத்தவர் என்றார். அவ்வாறு கூறியவர் வாயை மூடிக்கொண்டாரா? இல்லை. அரசாங்கத்தின் ஆயத்தமின்மையை அதே மூச்சில் கண்டித்தார். மீண்டும் வேலைக்குத் திரும்பி, பிறர் வீட்டுத் துயரங்களைத் தொடர்ந்து எடுத்துச் சொன்னார். தமக்குக் கிடைத்ததை நினைத்தவருக்குக் கிடைக்காதவரின் நினைவும் வந்தது. நன்றி என்பதை நாம் அவ்வாறுதான் பொருள் கொள்கிறோம்.

நெஞ்சுரம் என்பதும் வாய் பேசாது பொறுத்துக் கிடப்பதன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்து வாழைகளையும் ரப்பர் மரங்களையும் சாய்த்தது. கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு மறியல் செய்து, காணாமற்போனவர்களைத் தேடித் தரும்படி கேட்டனர். அவர்களை நன்றி கெட்டவர் என்று எவரேனும் சொல்லத் துணிவரா?

இனி, நம் சங்கங்களுக்கு வருவோம். பேரவைக் கூட்டத்தில் "குறை ஏதேனும் உண்டா?" என்று கேட்டால், "ஐயா தயவில் ஒரு குறையும் இல்லை" என்பதே பதில். கூட்டம் கலைந்த பின் தேநீர்க் கடையில் நின்றால் வேறு கதை கேட்கலாம். நூல் வரத் தாமதமாகித் தறி சும்மா கிடந்தது. கும்பப்பூவுக்குக் கேட்ட பயிர்க்கடன் நடவு முடிந்த பிறகு வந்தது. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பங்குப் பணமும் சேர்ந்ததுதானே! அதற்குள் யாருடைய தயவு வந்து புகுந்தது?

வீட்டிலும் இதே கதைதான். தார் சுற்றிக் கொடுக்கும் மனைவிக்கு நெசவாளர் மனத்தில் நன்றி இல்லாமல் இல்லை. ஆனால், அவரையும் அங்கத்தினராகச் சேர்க்கலாமே என்று நாம் சொன்னால், "அவளுக்கு எதற்கு ஐயா?" என்று சிரிக்கிறார்கள்.

பெரும்பாலான தீர்மானப் புத்தகங்களில், "நன்றியுரையுடன் கூட்டம் இனிது முடிந்தது" என்ற கடைசி வரி மட்டும் தவறாமல் இருக்கிறது. நன்றியுரைக்கு முன்பாக அரைமணி நேரம் ஒதுக்கி, நூல், கூலி, கடன் பற்றிய குறைகளைச் சொன்னவர் பெயருடன் அப்புத்தகத்தில் எழுதிவைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுக்கு வரும்போது நாம் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.