குதிகால் வலியும் ஒரு நாற்காலியும்

காலையில் கண்விழித்துத் தரையில் வைக்கும் முதல் அடியிலேயே இந்நோய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குதிகாலின் அடியில் ஆணி இறங்கியது போன்ற குத்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து இருபது அடி நடந்தால் வலி சற்றே இளகும். நாள் முழுவதும் நின்றபின் மாலையில் மீண்டும் மூளும். பேருந்திலோ நூலகத்திலோ ஒரு மணி நேரம் அமர்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே முதல் அடி. வெளியே காயம் இல்லை. பெரும்பாலும் வீக்கமும் இல்லை. ஆகவே உடனிருப்போர் நம்புவதும் அரிது. உயிரைப் பறிக்காத நோய் என்பதாலேயே இது பேசத் தகாத சிறு தொல்லையாக ஒதுக்கப்படுகிறது. நின்று பிழைப்பவருக்கோ இது பிழைப்பையே கேள்விக்குள்ளாக்கும் நோய்.

இந்நோய்க்கு வழங்கும் பெயர்களைச் சற்று ஆராய்வது பயனுடையது. சித்த மருத்துவத்தில் இது குதிகால் வாதம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர் 'எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது' என்பார். நவீன மருத்துவம் 'பிளாண்டார் ஃபேசியைட்டிஸ்' என்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, பாதத்தின் வளைவைத் தாங்கி ஓடும் தடித்த நார்ப்பட்டையே பிளாண்டார் ஃபேசியா. 'ஐட்டிஸ்' என்னும் கிரேக்க ஈறு அழற்சியைக் குறிப்பது.

பெயர் வெறும் அடையாளமன்று. மருந்தையும் அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2003ஆம் ஆண்டில் ஹார்வி லெமாண்ட் என்னும் அமெரிக்கப் பாத மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்நோய்க்காக அறுவை செய்துகொண்ட 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அத்திசுக்களில் அழற்சியின் அடையாளம் காணப்படவில்லை, காணப்பட்டது சிதைவு. அதாவது, உலகெங்கும் எழுதப்படும் அந்தப் பெயரின் ஈறே பொருந்தாதது என்பது அவர்களின் வாதம். இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. நோய் அழற்சி என்றால் அழற்சியை அடக்கும் மாத்திரை முதன்மை பெறும். தாங்கும் அளவுக்கு மீறிச் சுமந்த திசுவின் சிதைவு என்றால், சுமையைக் குறைப்பதும் திசுவை மெல்ல வலுவாக்குவதும் முதன்மை பெறும். 'முள்' என்னும் பெயரும் இத்தகையதே. முள் இருந்தும் வலியில்லாதவர் பலர். முள் இல்லாமலே வலியால் வருந்துவோரும் பலர். ஆனால் படத்தில் முள்ளைக் கண்டவர், ஒவ்வோர் அடியிலும் அது சதையைக் கிழிப்பதாக எண்ணி நடக்கவே அஞ்சுகிறார்.

இப்பெயர்கள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. எல்லாம் பாதத்துக்குள்ளேயே காரணத்தைத் தேடுகின்றன. அந்தப் பாதம் எத்தனை மணி நேரம், எந்தத் தரையில், யாருடைய கட்டளைக்காக நின்றது என்பதை ஒரு பெயரும் சொல்வதில்லை.

வலியைத் தணிக்கும் வழிகள் எளியவை. படுக்கையை விட்டு எழுமுன் கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளைத்துச் சில நொடிகள் வைத்திருப்பது. பத்து முறை அவ்வாறு செய்தபின் முதல் அடி வைப்பது. சுவரில் கைகளை ஊன்றிக் கெண்டைக்கால் தசையை நீட்டுவது. விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவது. கிரானைட், மொசைக் தரைகளில் வெறுங்காலுடன் நில்லாமல் வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு அணிவது. இவை மாதக்கணக்கில் பொறுமையைக் கோருபவை. பெரும்பாலோருக்கு அறுவையின்றியே வலி தணிகிறது. சிலருக்கு ஆண்டுகள் நீள்கின்றன. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அந்த நார்ப்பட்டை அறுந்துபோகும் ஆபத்தும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

நோயாளி எந்தச் சொல்லால் வலியைச் சொல்கிறார் என்பதும் முக்கியம். 'குத்துகிறது' என்பது வேறு. 'எரிகிறது', 'மரத்துப்போகிறது' என்பது வேறு. பின்னவை நரம்பைச் சுட்டலாம். நீரிழிவு மிகுந்த இந்நாட்டில் அவற்றைக் குதிகால் வலியோடு சேர்த்து ஒதுக்கிவிடுவது ஆபத்தானது. ரொனால்டு மெல்சாக் 1975இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெயரால் அமைத்த வலி வினாத்தாள் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, விண்விண் என்று தமிழில் உள்ள வளத்துக்குக் குறைவில்லை. ஆனால் நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இச்சொற்களைக் கேட்க நேரமில்லை. 'ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?' என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

எனினும் மேற்சொன்ன அறிவுரைகளின் உச்சியில் வழக்கமாக எழுதப்படுவது இன்னொன்று: 'நீண்ட நேரம் நிற்பதைத் தவிர்க்கவும்.' துணிக்கடை விற்பனைப் பெண்ணிடம் இதைச் சொல்வது எத்தகைய மருத்துவம்? அவருக்கு அது அறிவுரையன்று. வேலையை விட்டுவிடு என்பதற்கு நிகர்.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள். விஜி பள்ளித்தொடி என்னும் தையல் தொழிலாளியின் முன்முயற்சியால் 'பெண்கூட்டு' என்ற பெயரில் திரண்ட அவர்கள், முதலில் கழிப்பறைக்காகப் போராடினர். பின்னர் அமரும் உரிமைக்காக. அப்போராட்டம் மலையாளத்தில் 'இரிக்கல் சமரம்' எனப்பட்டது. அதன் விளைவாக 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்க்கும் மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று பணிபுரிவோர்க்கு இருக்கை வேண்டும் என்று 1948லேயே சொல்லிவிட்டது. ஆலையிலிருந்து கடைத்தெரு வரை வருவதற்கு ஒரு நாற்காலிக்கு எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

மறுப்புகளும் உண்டு. நிற்றல் மட்டுமே காரணமன்று. உடற்பருமனும் இறுகிய கெண்டைக்காலும் காரணங்களே. நாளெல்லாம் அமர்ந்திருப்பதும் நலமன்று. இரண்டும் உண்மை. ஆனால் இருக்கையைக் கேட்பவர்கள் நாளெல்லாம் அமர்ந்திருக்கக் கேட்கவில்லை. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அமர்ந்து எழும் வாய்ப்பையே கேட்கின்றனர். வலியுள்ள பாதத்துக்குத் தேவையான சுமைக் குறைப்பும் அதுவே. உண்மையான தடை செலவன்று, மரியாதை. எழுந்து நிற்பதைப் பணிவின் இலக்கணமாகப் பழகிய சமூகத்தில், அமர்ந்திருக்கும் ஊழியர் சோம்பேறியாகவோ திமிர் பிடித்தவராகவோ தோன்றுகிறார். சட்டப்படி வாங்கிய நாற்காலி மூலையில் கிடப்பதற்கும், அதில் அமரத் துணிவின்றி ஊழியர் நிற்பதற்கும் காரணம் அப்பார்வையே.

அப்பார்வைக்குக் கல்வி வளாகங்கள் விலக்கல்ல. வாயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலர்கள் உண்டு. தேர்வறையில் மூன்று மணி நேரமும் மேற்பார்வையாளர் அமரக்கூடாது என்ற வாய்மொழி விதி பல இடங்களில் உண்டு. கருத்தரங்க மேடைக்குப் பூங்கொத்துத் தட்டை ஏந்தி ஓரமாக நிற்கும் மாணவியரும், தேநீர் மேசையருகே நிற்கும் ஊழியரும் உண்டு. உடல், அதிகாரம், உழைப்பு பற்றிய கட்டுரைகள் அதே அரங்கில் வாசிக்கப்படுகின்றன. வாசிப்பவருக்கு நாற்காலி இருக்கிறது. ஓரமாக நிற்பவருக்கும் ஒன்றைப் போட ஆணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கிடங்கில் அடுக்கிவைத்ததில் ஒன்றை எடுத்துப் போட்டு, 'அமருங்கள்' என்று துறைத்தலைவர் ஒருமுறை சொன்னால் போதும். நாற்காலியைவிட அந்தச் சொல்லே அரியது.

தமிழில் 'இரு' என்னும் வினைக்கு உளதாதல் என்றும் பொருள். அமர்தல் என்றும் பொருள். பொது வழக்கில் 'உட்கார்' அதன் இடத்தைப் பிடித்துவிட்டாலும், ஈழத்திலும் குமரி மாவட்டத்திலும் விருந்தினரை இன்றும் 'இருங்கோ', 'இருங்க' என்றே அமரச் சொல்கிறார்கள். கோழிக்கோட்டுப் பெண்கள் தங்கள் போராட்டத்துக்கு அதே வேர்ச்சொல்லைச் சூட்டியபோது, ஓர் இருக்கையைக் கேட்பது தாம் இருப்பதை ஒப்புக்கொள்ளச் சொல்வதே என்பதும் அதில் அடங்கிவிட்டது. குதிகால் வலிக்கு எழுதப்படும் மருந்துச் சீட்டில் அந்தச் சொல்லுக்கும் இடம் வேண்டும்.