எவ்வளவு வரும்?

விபத்து வழக்கு நடத்தும் எந்த வக்கீல் ஆபீசிலும் முதல் நாளே காதில் விழும் கேள்வி இது. கையில் மாவுக்கட்டும், மஞ்சள் பையில் எக்ஸ்ரே படமும் மருந்துச் சீட்டுகளுமாக வந்து உட்காருகிறவர், "சார், எவ்வளவு வரும்?" என்றுதான் ஆரம்பிப்பார். கேட்பதில் தப்பில்லை. வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருப்பார். நாம் பதில் சொல்லும் அவசரத்தில்தான் பிசகு இருக்கிறது. "இருபது சதவீதத்துக்குச் சான்று கிடைத்தால் சதவீதத்துக்கு இவ்வளவு" என்று விரல்விட்டுக் கணக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தக் கை அதுவரை என்ன வேலை செய்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம். இந்த இதழில் நம் தோழர்களிடம் வலியுறுத்த விரும்புவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

சுங்குடிக்கு முடிச்சுப் போடும் மதுரைப் பெண் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வயது 34. ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி வலது மணிக்கட்டு முறிந்தது. ப்ளேட் வைத்தார்கள், எலும்பு கூடியது. ஆனால் மணிக்கட்டு முன்போலத் திரும்பவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தும் பலம் போய்விட்டது. உடல் முழுமைக்கும் 20 சதவீத நிரந்தர ஊனம் என்கிறார் டாக்டர். மூட்டையும் எலும்பையும் அளந்து பார்த்தவர் சொன்ன கணக்கு அது. அந்த அளவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் சுங்குடியில் துணியைப் பொடியாகக் கிள்ளிப் பிடித்து, நூலைச் சுற்றி, இறுக்கிக் கட்ட வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்தபின் முடிச்சு இருந்த இடம்தான் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இறுக்கம் குறைந்தால் சாயம் உள்ளே இறங்கிப் புள்ளி கலங்கிவிடும். கலங்கிய சேலைக்குக் கூலி ஏது? உடம்பில் 20 சதவீதம் போனதாகச் சான்று சொல்லும் பெண்ணுக்குத் தொழிலில் பெரும்பகுதி போய்விட்டது.

இந்த வித்தியாசத்தைத்தான் ராஜ்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடக்கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போகும். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம் என்றது. காயத்துக்குப் பின் அவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, விபத்துக்கு முன் என்ன தொழில் செய்தார், அதே தொழிலையோ வேறொன்றையோ செய்து இனிப் பிழைக்க முடியுமா என்று படிப்படியாகப் பார்க்கச் சொன்னது.

மேற்படி பெண்ணின் கணக்கைப் போட்டே பார்க்கலாம். மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொள்வோம். சுயதொழில், நாற்பதுக்குக் கீழ் வயது என்றால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. நிரந்தர ஊனம் ஏற்பட்ட காய வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் தீர்ப்பு உறுதிசெய்தது. ஆக மாதம் 14,000, வருடம் 1,68,000. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கி 16. மொத்தம் 26,88,000. காய வழக்கில் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கக் கூடாது என்பதும் ராஜ்குமார் தீர்ப்பில் உண்டு. சான்றிதழின் 20 சதவீதத்தை அப்படியே எடுத்தால் 5,37,600. தொழில் இழப்பு 60 சதவீதம் என்று நிரூபித்தால் 16,12,800. சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்ற பழக்கக் கணக்கிலோ ஒரு லட்சம். ஒரே மணிக்கட்டுக்கு மூன்று தொகை. இதில் எது கைக்கு வரும் என்பது பெரும்பாலும் நாம் கொண்டுவரும் சாட்சியத்தில் இருக்கிறது.

சதவீதக் கணக்கே கூடாது என்று சொல்லவில்லை. வருமானம் பாதிக்கப்படாத காயங்களில் அதற்கு இடமுண்டு. வருமான இழப்புக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு, அதே ஊனத்துக்குத் தனியாக இன்னொரு தொகை கேட்க முடியாது என்பதையும் சோழன் ரோட்வேஸ் வழக்கில் 2006-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. தொழிலையே பறித்த காயத்தைச் சதவீதக் கணக்குக்குள் நாமே கொண்டுபோய் அடைப்பதுதான் தவறு.

எப்படி நிரூபிப்பது? கட்சிக்காரரின் தொழிலை நாம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். ப்ரூஃப் அபிடவிட்டில் "கூலி வேலை" என்று இரண்டு சொல்லில் முடிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். மேலூர்ப் பக்கம் நாற்று நடுகிறவருக்குக் குனியவும் சேற்றில் காலை ஊன்றி எடுக்கவும் முடிகிறதா? சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவருக்கு ஏணியில் நிற்கத் தெம்பிருக்கிறதா? மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் எதுவரை உயர்கிறது? இவற்றை எழுதுங்கள். வேலை கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றுங்கள். முடிச்சுப் போடும் பெண்ணிடம் சாட்சி சொல்லும்போது ஒரு துண்டுத் துணியும் நூலும் கொடுத்துக் கட்டிக் காட்டச் சொல்லலாம். வருமானத்துக்குச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். காலை இழந்த காய்கறி வியாபாரிக்கு ரசீது எதுவும் இல்லாமலேயே மாதம் 6,500 ரூபாய் வருமானத்தை ஏற்று, திறன் இழப்பை 85 சதவீதமாக உச்ச நீதிமன்றம் 2014-இல், சையத் சாதிக் வழக்கில், நிர்ணயித்தது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். சிகிச்சையே தராத டாக்டரிடம் கேட்ட எண்ணுக்குச் சான்று வாங்குவது கட்சிக்காரரைத்தான் கெடுக்கும். அப்படித் தயாராகக் கிடைக்கும் சான்றுகளை எச்சரிக்கையோடு பார்க்கும்படி ராஜ்குமார் தீர்ப்பே தீர்ப்பாயங்களுக்குச் சொல்கிறது. வலக்கையில் 60, இடக்காலில் 80 என்றால் கூட்டி 140 ஆகிவிடாது என்றும் அது நினைவூட்டுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலின் குறுக்கு விசாரணையில் சான்று விழுந்தால், உண்மையான வலியும் சேர்ந்து விழும். உண்மைக் காயத்துக்கு உண்மைத் தொழிலைச் சொன்னாலே கணக்கு போதுமான அளவு வரும்.

காலத்தையும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. அதற்குள் எலும்பின் நிலையே முழுதாகத் தெரியாது. மனுவைத் தாமதிக்காமல் போடுங்கள். சமரசத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். மனுவில் கேட்டதைவிட அதிகம் கொடுக்கத் தீர்ப்பாயத்துக்குத் தடையில்லை என்று நாகப்பா வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ப்ளேட்டை எடுக்கும் அடுத்த ஆபரேஷன், பிசியோதெரபி, கூட இருந்து பார்த்துக்கொண்ட தாயோ மகளோ விட்ட கூலி ஆகியவை மக்கள் நீதிமன்ற மேஜையில் வரும் முதல் தொகையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். படுத்த படுக்கையான சிறுமியின் காஜல் வழக்கில் உடனிருந்து பார்ப்பவரின் கூலிக்கும் பெருக்கி 18-ஐ வைத்துக் கணக்கிட்டது உச்ச நீதிமன்றம்.

நியாயமான இழப்பீடு என்கிறது 168-ஆம் பிரிவு. நாளைக்கு ஒருவர் மஞ்சள் பையோடு வந்து எவ்வளவு வரும் என்று கேட்டால், பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்க்காதீர்கள். "விபத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன வேலை செஞ்சீங்கம்மா, ஒண்ணுவிடாமச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.